டியூல் துணிக்குள் ஒரு பத்தாண்டு: 1930களின் பாலேயும் பாரிஸ் ஆடைக்கலையும்

1932ஆம் ஆண்டு வசந்தத்தில் மான்டி கார்லோவில் மேடையேறிய ஒரு புதிய பாலே குழுவின் முன்னணிப் பெண்கள் மூவரில் இருவருக்கு வயது 13. மூன்றாமவருக்கு 15 நிரம்ப இன்னும் சில வாரங்கள் இருந்தன. தமாரா தூமனோவா, இரினா பாரனோவா, தத்யானா ரியாபுஷின்ஸ்கா என்ற அந்த மூவருமே ரஷ்யப் புரட்சிக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். தூமனோவா பிறந்ததே, குடும்பம் தப்பிச் சென்றுகொண்டிருந்தபோது, சைபீரியாவில் ஒரு ரயில் பெட்டியில். அடுத்த இரண்டே ஆண்டுகளில் இலண்டனும் நியூயார்க்கும் இந்தச் சிறுமிகளை எட்டாத உயரத்துத் தேவதைகளாகக் கொண்டாடின. செல்வந்தர் வீட்டுப் பெண்களின் மாலைநேர உடைகளில் மேடைப் பாவாடையின் சாயல் படியத் தொடங்கியது. வாடகை கொடுக்கத் திண்டாடிய அகதிக் குடும்பத்துப் பெண்ணும், ஒரு கவுனுக்கு மூன்று முறை அளவு கொடுக்கத் தையற்கூடத்துக்கு வந்துபோன சீமாட்டியும் ஒரே தோற்றத்தை நோக்கி எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

‘கிளாமர்’ என்ற சொல் நம் சினிமாப் பக்கங்களில் குறைந்த உடைக்கான இடக்கரடக்கலாகத் தேய்ந்துவிட்டது. இங்கே அந்தச் சொல்லுக்கு வேறு பொருள்: தொட முடியாத தூரம், விளக்கொளி, உழைப்பின் சுவடு வெளியே தெரியாத நேர்த்தி. பாலே நடனக்காரியிடம் இவையெல்லாம் பிறவியிலேயே இருந்தன என்று இன்று நமக்குத் தோன்றலாம். ஆனால், 19ஆம் நூற்றாண்டின் பாரிஸில் நிலைமை அப்படி இருக்கவில்லை. ஓபரா அரங்கில் ஆடிய பெண்களில் பலர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். ஆண்டுச் சந்தா கட்டிய கனவான்களுக்கு, நடனக்காரிகள் உடல் சூடேற்றும் பின்கூடத்துக்குள் நுழையும் உரிமை இருந்தது. அந்த உரிமை எதற்காக என்பது ஊரறிந்த செய்தியாக இருந்ததால், கௌரவமான குடும்பத்துப் பெண் எவரும் தம்மைப் பார்த்து ‘நடனக்காரியைப் போல இருக்கிறாய்’ என்று யாரேனும் சொல்வதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். 1939இல் அதே வாசகம் பாராட்டாகிவிட்டிருந்தது.

இந்த மாற்றத்தின் முதல் படி செர்கேய் தியாகிலெவுடையது. 1909 முதல் 1929 வரை அவர் நடத்திய பாலே ரூஸ் குழு, இசையமைப்பாளர்களையும் ஓவியர்களையும் ஒரே மேடைக்கு இழுத்து வந்து, பாலேயை அறிவாளிகள் பேசும் கலையாக்கியது. 1910இல் ‘ஷெஹெரஸாத்’ ஆடப்பட்டபோது லியோன் பாக்ஸ்ட் தீட்டிய ஆரஞ்சும் நீலமும் பாரிஸின் வரவேற்பறைகளுக்குள் புகுந்தன. உடை வடிவமைப்பாளர் போல் புவாரே தலைப்பாகையும் தொளதொளத்த காற்சட்டையுமாகக் கீழை நாட்டுக் கனவொன்றை விற்றார். எனினும் அந்நாளில் மேடையிலிருந்து நகரத்துக்கு இறங்கியவை நிறங்களும் வேடங்களுமே தவிர, நடனக்காரியின் உடல் அல்ல. 1924இல் ‘நீல ரயில்’ என்ற பாலேவுக்கு கோகோ ஷனேல் உடை கொடுத்தபோது ஓட்டம் எதிர்த்திசையில் திரும்பியது: கடற்கரையில் பணக்காரர் அணியும் பின்னல் நீச்சலுடையை அவர் அப்படியே மேடையேற்றினார். பார்க்க நன்றாயிருந்த அந்த உடையில், பெண்ணைத் தூக்க வேண்டிய ஆணின் கைக்குப் பிடி கிடைக்கவில்லை. மேடை உடைக்கும் வீதி உடைக்கும் இடையிலிருந்த தூரத்தை அந்த ஒரு சிக்கலே காட்டிவிடுகிறது.

1929 ஆகஸ்டில் தியாகிலெவ் வெனிஸில் இறந்தார். இறுதிச் சடங்கின் செலவை ஏற்றவர்களில் ஷனேலும் ஒருவர். குழு கலைந்தது, இரண்டு மாதங்களில் நியூயார்க் பங்குச் சந்தையும் சரிந்தது. பாலேவை வாழவைத்த புரவலர்களின் கையிருப்பும், பாரிஸ் ஆடைக் கூடங்களை வாழவைத்த அமெரிக்கக் கொள்முதலும் ஒரே நேரத்தில் வற்றின. இவ்வளவு மோசமான வேளையில்தான், மான்டி கார்லோ அரங்கின் கலைப் பொறுப்பிலிருந்த ரெனே புளூமும், கர்னல் தெ பாசில் என்று தம்மை அழைத்துக்கொண்ட ரஷ்ய நிர்வாகியும் சேர்ந்து 1932இல் புதிய குழுவைத் தொடங்கினார்கள்.

நடன ஆசிரியராக வந்த ஜார்ஜ் பாலன்சின், புகழ்பெற்றவர்களைத் தேடிப் போகாமல் பாரிஸில் இருந்த ரஷ்ய ஆசிரியைகளின் பயிற்சிக் கூடங்களுக்குப் போனார். பேரரசின் மேடைகளில் ஆடி ஓய்ந்த ஓல்கா ப்ரியோப்ரஜென்ஸ்காவும் மத்தில்டா க்ஷெசின்ஸ்காவும் அங்கே பிழைப்புக்காக வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார்கள். முன்னவரிடமிருந்து தூமனோவாவும் பாரனோவாவும், பின்னவரிடமிருந்து ரியாபுஷின்ஸ்காவும் கிடைத்தார்கள். இந்தத் தேர்வைக் கலைக்கண் என்று மட்டும் சொல்வது முழு உண்மையாகாது. சிறுமிகளுக்குச் சம்பளம் குறைவு. பயிற்சியோ பழைய பீட்டர்ஸ்பர்க்கின் கண்டிப்பில் ஊறியது. ஆங்கில விமர்சகர் ஆர்னால்ட் ஹாஸ்கெல் ‘குழந்தைப் பாலேரினாக்கள்’ என்று பெயர் சூட்டியதும் சிக்கனம் விளம்பரமாக மாறியது. மூவருக்கும் கூடவே தாய்மார்கள் பயணம் செய்தார்கள். கையில் ஊசிநூலோடு பக்கவாட்டில் நின்ற அந்த அம்மாக்களைப் பற்றிய கதைகள் பாலே உலகில் இன்றும் உலவுகின்றன.

ஊசிநூல் இங்கே அலங்காரச் சொல் அல்ல. கால்விரல் நுனியில் நிற்பதற்கான சாட்டின் காலணியைக் கையில் எடுத்துப் பார்த்தால், அந்தக் காலத்துக் கவர்ச்சி எதனால் ஆனது என்பது விளங்கும். உள்ளே மரமோ உலோகமோ கிடையாது. துணியையும் தாளையும் பசை தடவி அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்த கூடு ஒன்றுதான் விரல்களைத் தாங்குகிறது. வியர்வை பட்டதும் பசை இளகும். கடினமான பாத்திரம் என்றால் ஓர் இரவிலேயே காலணி தளர்ந்துவிடும். நாடாவைத் தைப்பதும், நுனி கிழியாமலும் வழுக்காமலும் இருக்க நூலால் இழையோட்டுவதும் நடனக்காரியின் சொந்த வேலை. பளபளக்கும் அந்த ரோஜா நிறச் சாட்டினுக்குள் கொப்புளம் வெடித்த விரல்கள் இருந்தன என்பதைப் பார்வையாளர் அறிவார்கள். அறிந்தும் மறந்திருக்கவே அவர்கள் நுழைவுச்சீட்டு வாங்கினார்கள்.

புதிய குழுவின் முதல் பருவத்தில் வந்த ‘கோத்தியோன்’ என்ற பாலே, இந்தப் பத்தாண்டின் தோற்றத்தை வேறெந்தப் படைப்பையும்விடத் தெளிவாக வகுத்துக் கொடுத்தது என்பது என் கணிப்பு. ஷாப்ரியேயின் இசை, பாலன்சினின் நடன அமைப்பு, கதை என்று பார்த்தால் ஓர் இளம்பெண்ணின் விருந்து நடனம், அவ்வளவே. ஆனால், அந்த விருந்தின் நடுவே நீண்ட கறுப்புக் கையுறை அணிந்த ஒருத்தி விதியின் கையாக வந்து நிற்கிறாள். கொண்டாட்டத்தின் மேல் நிழல் விழுகிறது. காட்சியையும் உடையையும் வரைந்தவர் கிறிஸ்தியான் பெரார். ஓவியரான இவர் பின்னாளில் வோக் இதழுக்கு உடைகளை வரைந்தார். வடிவமைப்பாளர் எல்சா ஸ்கியாபரெல்லியின் நெருங்கிய நண்பராகவும் இருந்தார். இவரைப் போன்ற ஒருவர் காலையில் மேடைக்கும் மாலையில் ஃபேஷன் இதழுக்கும் வரைந்தபோது, இரண்டிலும் ஒரே கோடு ஓடியதில் வியப்பில்லை.

பெராரின் வரைபடத்தைத் துணியாக்கியவர் உக்ரைனின் கார்கிவ் நகரில் பிறந்து, 1920களில் பாரிஸுக்கு வந்து சேர்ந்த பார்பரா கரின்ஸ்கா. பாலேவுக்கு அவர் தைத்த முதல் உடைகளே ‘கோத்தியோன்’ உடைகள்தான். டியூல் என்பது பட்டிலோ பருத்தியிலோ பின்னிய மெல்லிய வலைத்துணி. ஒற்றை அடுக்கில் அது கொசுவலையைப் போலத்தான் இருக்கும். கரின்ஸ்காவின் திறமை அதை அடுக்குவதில் இருந்தது. ஒரே நிறத்தை மேலும் மேலும் போடாமல், சற்றே வேறுபட்ட நிறங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பார். ஆடுபவள் அசையாது நிற்கும்போது ஒரு நிறம். சுழலும்போது கீழடுக்குகள் மேலெழுந்து வேறொரு நிறம். எந்தச் சாயப்பட்டறையிலும் தோய்த்து எடுக்க முடியாத அந்த நிறம், அசைவில் மட்டுமே பிறந்து அசைவோடு மறைந்தது. ரவிக்கைப் பகுதியிலும் அவர் ஒரு வேலை செய்தார்: பல துண்டுகளாக வெட்டி இணைத்து, விலாப்பக்கத்துத் துண்டுகளை மட்டும் துணியின் குறுக்கு ஓட்டத்தில் வெட்டினார். மூச்சிழுக்கும்போது விலா விரியத் துணி இடம் கொடுத்தது.

நம் ஊர்த் தையற்காரர்கள் ‘கிராஸ் கட்’ என்று சொல்வதும் இதே உத்திதான். ஊடையும் பாவும் நேராக ஓடும் துணியை 45 பாகைக் கோணத்தில் திருப்பி வெட்டினால், துணிக்கு இழுவை வந்துவிடுகிறது. ரப்பரும் கொக்கியும் இல்லாமலே அது உடலோடு ஒட்டி இறங்குகிறது. இதை ஒரு முழு ஆடைக்கலையாக வளர்த்தவர் மதலேன் வியோனே. பாரிஸின் மான்டெய்ன் அவென்யூவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்த அவருடைய கூடத்தில், வரைபடத்தில் தொடங்காமல், சிறிய மரப்பொம்மை ஒன்றின்மேல் துணியைச் சுற்றிப் பார்த்தே புதிய உடை உருவானது. 1930களின் மாலை உடை என்றதும் நினைவுக்கு வரும் வடிவம், அதாவது முதுகு திறந்து, இடுப்பைத் தழுவி, முழங்காலுக்குக் கீழே விரிந்து தரை தொடும் சாட்டின் கவுன், பெருமளவில் இந்தக் குறுக்கு வெட்டின் குழந்தை.

அந்தக் கவுனுக்கு ஒரு நிபந்தனை உண்டு. பழைய இறுக்குக் கச்சை உடலைத் தானே வடிவமைத்தது. குறுக்கு வெட்டுச் சாட்டினோ எதையும் மறைக்காது. முன்பு எலும்புக் கம்பி செய்த வேலையை இப்போது தசை செய்ய வேண்டியிருந்தது. நிமிர்ந்த முதுகு, நீண்ட கழுத்து, இறங்கிய தோள், தட்டையான வயிறு என்று அந்த உடை கேட்ட அத்தனையும் பாலே பயிற்சிக் கம்பியின் முன் பல ஆண்டுகள் நின்றவளிடம் இயல்பாகவே இருந்தன. நடனக்காரியின் உடல் ஃபேஷனின் அளவுகோலானதற்கு மேடைப் புகழைவிட இந்தத் தையல் காரணமே வலுவானது என்று நினைக்கிறேன். பெண்களைக் கச்சையிலிருந்து விடுவித்த உடை என்று இதைப் புகழ்வது வழக்கம்; விடுதலை பெற்ற உடலுக்கு அடுத்த நாளே உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் வந்து சேர்ந்ததையும் அந்தக் கணக்கில் எழுத வேண்டும்.

இந்த உடலை உலகுக்குக் காட்டியது கேமரா. பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்து அகதியாக வந்த ஜார்ஜ் ஹாய்னிங்கன்-ஹ்யூனே, வோக் இதழுக்காக எடுத்த படங்களில் பெண்களைக் கிரேக்கச் சிற்பங்களைப் போல நிறுத்தினார். 1931இல் வியோனே உடையில் சோன்யா என்ற மாடலை அவர் எடுத்த படம் ஒன்றில், காற்றில் துணி பறக்க அவள் நடனமாடிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். உண்மையில் அவளைப் படுக்க வைத்து, துணியை மடிப்பு மடிப்பாகப் பரப்பி, மேலேயிருந்து எடுத்த படம் அது. அன்றைய ஸ்டுடியோக் கேமராவும் விளக்கும் ஓடும் உடலைப் பிடிக்க ஏற்றவையாக இல்லாததால், அசைவையும் தரையில் கிடத்திச் செய்ய வேண்டியிருந்தது. 1933இல் மார்ட்டின் முன்காச்சி, நீச்சலுடையும் மேலங்கியுமாகக் கடற்கரையில் ஒரு பெண்ணை உண்மையிலேயே ஓடவிட்டு ஹார்ப்பர்ஸ் பஜார் இதழுக்குப் படமெடுத்ததும் அந்தச் சிற்பக் காலம் ஆட்டம் கண்டது.

அவ்விதழின் ஆசிரியர் கார்மல் ஸ்னோ, 1934இல் கலை இயக்குநராக அழைத்துவந்த அலெக்ஸி பிரோடோவிச்சும் ரஷ்ய அகதிதான். பாரிஸுக்கு வந்த புதிதில் தியாகிலெவ் குழுவுக்குக் காட்சித் திரைகளைத் தீட்டிப் பிழைத்தவர். 1935 முதல் 1937 வரை அமெரிக்காவுக்கு வந்த பாலே குழுக்களைச் சிறிய கேமராவால், பிளாஷ் இல்லாமல், மேடை ஓரத்திலிருந்து அவர் எடுத்தார். படங்களில் முகம் தெளிவாகத் தெரியாது, விளக்கு வழிந்தோடும், பாவாடை ஒரு புகைமூட்டம்போலக் கலையும். அவற்றில் 104 படங்களை 1945இல் 500 பிரதிகள் மட்டும் அச்சிட்டு நூலாக்கினார். சில ஆண்டுகளுக்கு முன்புவரை தொழில்முறைக் குறை என்று ஒதுக்கப்பட்டிருக்கக்கூடிய அந்த மங்கல், பிற்கால ஃபேஷன் புகைப்படக்காரர்களுக்குப் பாடமாயிற்று.

கேமராவுக்கு முன்னே நின்றவர்களிலும் ஆடத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஸ்வீடனிலிருந்து வந்த லிசா ஃபான்சாக்ரிவ்ஸ், பெர்லினில் நவீன நடனமும் பாரிஸில் பாலேயும் கற்றவர். 1936இல் ஏறக்குறையத் தற்செயலாகத்தான் மாடலானார். 1939இல் எர்வின் புளூமென்ஃபெல்ட் எடுத்த படத்தில், ஈஃபில் கோபுரத்தின் உச்சியில் ஒரு கையால் இரும்புக் கம்பியைப் பற்றிக்கொண்டு, மறு கையால் லூசியன் லெலோங் வடிவமைத்த பாவாடையின் ஓரத்தை இறக்கைபோல விரித்துப் பிடித்திருக்கிறார். கீழே பாரிஸ் நகரம் மங்கலாகத் தெரிகிறது; உடல் வெட்டவெளிப் பக்கம் சாய்ந்திருக்கிறது; முகத்தில் பயத்தின் சாயல் இல்லை. பழக்கமில்லாத ஒருவர் அந்த இடத்தில் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பற்றியிருப்பார்.

தையற்கூடங்களுக்கு உள்ளேயும் இதே கலப்பு. 1920களிலேயே ரஷ்ய அரச குடும்பத்து மரியா பாவ்லோவ்னா, ஷனேலுக்காகப் பூத்தையல் பட்டறை நடத்தினார். இளவரசர் யூசுபோவ் தம்பதியினர் சொந்த ஆடைக்கூடம் திறந்து 1931இல் மூடினார்கள். இளவரசி நத்தலி பேலி, லெலோங்கை மணந்து அவருடைய உடைகளுக்கு முகமானார். பட்டத்தைத் தவிர வேறொன்றும் மிஞ்சாதவர்கள் அந்தப் பட்டத்தையும் தோரணையையும் விற்றுப் பிழைத்த சந்தை அது. பாலே குழுவும் ஏறத்தாழ அதையேதான் செய்தது: குழுவில் சேர்ந்த ஆங்கிலப் பெண்களுக்குக்கூட ரஷ்யப் பெயர் வைக்கப்பட்டது.

1933 டிசம்பரில் சால் ஹுராக் என்ற நிகழ்ச்சி அமைப்பாளர் தெ பாசிலின் குழுவை நியூயார்க்கில் மேடையேற்றினார். அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்னர் இதே ஹுராக்தான் உதய் சங்கரின் குழுவையும் அந்நகரில் அறிமுகம் செய்திருந்தார். உதய் சங்கரைக் கலைஞராக அடையாளம் கண்டவர் அன்னா பாவ்லோவா. 1931 ஜனவரியில் மறைந்த அந்தப் பெரும் நடனமணியின் செல்வாக்கு சென்னைக்கும் எட்டியது: பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்ற ருக்மிணி தேவியை, சொந்த நாட்டுக் கலையைத் தேடும்படி தூண்டியவரும் பாவ்லோவாவே. 1935இல் அடையாற்றில் ருக்மிணி தேவி பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிரை ஆடி, அடுத்த ஆண்டு கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கியபோது, விசிறி மடிப்போடு தைத்த மேடையுடையும் விளக்கமைப்பும் கூடவே வந்தன. நடனக்காரி என்ற பெயருக்கு நடுத்தர வர்க்கத்தின் மரியாதை கிடைத்த அதே பத்தாண்டில், அந்தக் கலையைத் தலைமுறைகளாகக் காத்தவர்கள் மேடையிலிருந்து விலக்கப்பட்டதையும் தமிழ் வாசகர் நினைவில் கொள்வார்கள்.

இலண்டனில் கதை சற்று வேறு. நினெட் தெ வலோயிஸ் 1931இல் உருவாக்கிய விக்-வெல்ஸ் குழுவுக்கு ரஷ்யர்களின் பளபளப்பு கிடையாது. சிக்கனமே அதன் முகம். 1936இல் ஃபிரெடரிக் ஆஷ்டனின் ‘அப்பாரிஷன்ஸ்’ பாலேவுக்கு வோக் புகைப்படக்காரர் செசில் பீட்டன் உடை வரைந்தார். அப்போது இலண்டனுக்கு வந்துவிட்டிருந்த கரின்ஸ்கா தைத்தார். 17 வயதை நெருங்கிக்கொண்டிருந்த மார்கோ ஃபான்டெய்ன் அந்த விருந்து கவுனை அணிந்து ஆடினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, தாயை இழந்த துக்கத்திலிருந்த இங்கிலாந்து அரசி பாரிஸுக்கு அரசுமுறைப் பயணம் போனபோது, நார்மன் ஹார்ட்னெல் பயணத்துக்கான உடைகள் அனைத்தையும் வெள்ளையாகவே தைத்துக் கொடுத்தார். டியூலும் லேஸுமாக அகல விரிந்த அந்தப் பாவாடைகள் அரசியை 19ஆம் நூற்றாண்டு ஓவியமாக்கின. ‘ஜிசெல்’ பாலேவின் இரண்டாம் அங்கத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வெண்மை பழக்கமானதுதான். குறுக்கு வெட்டுச் சாட்டினின் ஆட்சி முடிந்து, இடுப்பு சிறுத்துப் பாவாடை விரியும் காலம் தொடங்கியிருந்தது. போருக்குப் பின் 1947இல் கிறிஸ்தியான் டியோர் புதுமை என்று அறிவித்த தோற்றத்தின் விதை இங்கே இருக்கிறது.

டியூலை அடுக்கியவர்களின் கூலி குறித்தும் சொல்ல வேண்டும். 1936 ஜூனில் பிரான்ஸ் முழுவதும் வேலைநிறுத்த அலை எழுந்தபோது பாரிஸின் ஆடைக்கூடங்களும் நின்றன. ஷனேலின் தொழிலாளிகள் அவரைத் தம் சொந்தக் கடைக்குள் நுழையவிடாமல் மறித்தார்கள். அவர்களுக்கு 40 மணிநேர வேலை வாரத்தையும் சம்பளத்தோடு கூடிய விடுமுறையையும் சட்டமாக்கியது லியோன் புளூமின் அரசு. மான்டி கார்லோ குழுவைத் தொடங்கிய ரெனே புளூம் அவருடைய தம்பி. அண்ணன் தையற்காரிகளுக்குச் சட்டம் இயற்றிய அதே ஆண்டில், தம்பி தெ பாசிலோடு பிரிந்து தனிக் குழுவை நடத்திக்கொண்டிருந்தார்.

1939இல் அந்தக் குழுவின் வழிவந்த பாலே ரூஸ் தெ மான்டி கார்லோவுக்காக ஓவியர் சால்வடோர் டாலி ‘பாக்கனால்’ என்ற படைப்பைத் திட்டமிட்டார். நடன அமைப்பு லியோனிட் மஸீனுடையது. உடைகள் ஷனேல் கூடத்தில் தயாராகின. செப்டம்பரில் போர் மூண்டது. ஷனேல் கடையை மூடினார். வியோனேயின் கூடமும் அதே ஆண்டு மூடப்பட்டது. குழு அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. உடைகள் பிரான்ஸிலேயே தங்கிவிட்டன. நவம்பர் 9 அன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கில் திரை உயர்ந்தபோது ஆடியவர்கள் அணிந்திருந்தவை, டாலியின் வரைபடங்களைப் பார்த்துக் கடைசி நாட்களில் கரின்ஸ்கா அவசர அவசரமாகத் தைத்துக் கொடுத்தவை. அதன்பின் அவர் அமெரிக்காவிலேயே தங்கி, பாலன்சினுக்காக 1970கள் வரை தைத்தார்.

ரெனே புளூமும் 1940இல் அமெரிக்காவில்தான் இருந்தார். அங்கேயே தங்கிவிடும்படி நண்பர்கள் வற்புறுத்தியும் கேளாமல் பிரான்ஸுக்குத் திரும்பினார். 1941 டிசம்பரில் பாரிஸில் யூதர்களைச் சுற்றிவளைத்தபோது பிடிபட்டார். 1942 செப்டம்பரில் அவுஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார்.